ஹிடன் மறைக்கும், நிறுத்தாது: வழியும் உள்ளடக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் கையாளுதல்

வலைப்பக்கத்தில் ஒரு பெட்டிக்கு 300 பிக்சல் உயரம் கொடுத்திருக்கிறோம். உள்ளே வரும் எழுத்துக்கு 420 பிக்சல் தேவைப்படுகிறது. மிச்சமுள்ள 120 பிக்சல் என்ன ஆக வேண்டும் என்று சொல்வதுதான், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் ஓவர்ஃப்ளோ பண்பு. 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 அதற்கு நான்கு மதிப்புகளைத் தந்தது. விசிபிள் என்றால் மிச்சம் வெளியே வழிந்து கீழே இருப்பதன் மேல் படியும். எதுவும் எழுதாவிட்டால் இதுதான் நடக்கும். ஹிடன் என்றால் விளிம்போடு வெட்டுப்படும். ஸ்க்ரோல் என்றால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்க்ரோல்பார் வரும். ஆட்டோ என்றால் வழிந்தால் மட்டும் வரும். ஐந்தாவதாக, ஸ்க்ரோலுக்கே இடம் தராமல் வெட்டும் கிளிப் பல ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. குரோம் 90, ஃபயர்ஃபாக்ஸ் 81, சஃபாரி 16 முதல் அதை நம்பிப் பயன்படுத்தலாம்.

இதெல்லாம் ஸ்டைல்ஷீட்டில் எழுத வேண்டியவை. ஆனால் பெட்டிக்குள் எவ்வளவு எழுத்து வரும் என்பது ஸ்டைல்ஷீட்டுக்குத் தெரியாது. ‘மேலும் படிக்க’ பொத்தான் தேவையா, பாப்அப் திறந்திருக்கும்போது பின்னால் உள்ள பக்கம் நகரலாமா, அரட்டையில் புதுச் செய்தி வந்தால் அடிக்குப் போக வேண்டுமா என்ற கேள்விகளுக்கு ஓடும் நேரத்தில்தான் விடை கிடைக்கும். அங்கேதான் ஜாவாஸ்கிரிப்டுக்கு வேலை. அந்த வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே தவறான எண்ணத்திலிருந்து கிளைக்கின்றன: ஹிடன் போட்டால் வழிதல் நின்றுவிடும் என்ற எண்ணம். அது நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

ஹிடன் பெட்டியும் ஸ்க்ரோல் ஆகும்

பிரவுசரின் பார்வையில் ஹிடன், ஸ்க்ரோல், ஆட்டோ மூன்றும் ஒரே இனம். மூன்றுமே பெட்டியை ஸ்க்ரோல் கன்டெய்னராக, அதாவது உள்ளடக்கம் தனக்குள்ளேயே நகரக்கூடிய பெட்டியாக, ஆக்குகின்றன. ஹிடன் எடுத்துக்கொள்வது பயனரின் கருவிகளை மட்டுமே: ஸ்க்ரோல்பார், மவுஸ் சக்கரம், விரல் இழுப்பு. ஸ்கிரிப்ட் அந்தப் பெட்டியின் ஸ்க்ரோல்டாப்பை (எவ்வளவு ஸ்க்ரோல் ஆகியிருக்கிறது என்ற எண்ணை) 200 ஆக்கினால் உள்ளடக்கம் 200 பிக்சல் மேலே போகும். டேப் விசையால் உள்ளே மறைந்திருக்கும் ஒரு லிங்குக்குப் போனாலும் போகும். பக்கத்துக்குள் தேடும்போது மறைந்த பகுதியில் சொல் கிடைத்தாலும் போகும்.

கார்டுகள் பக்கவாட்டில் நகரும் கேரோசலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வெளிப்பெட்டிக்கு ஹிடன், உள்ளே ஐந்து கார்டுகள், ஸ்கிரிப்ட் ட்ரான்ஸ்ஃபார்ம் கொண்டு பட்டையை நகர்த்துகிறது. விசைப்பலகைக்காரர் டேப் அழுத்தி மூன்றாவது கார்டின் லிங்குக்குப் போகிறார். அதைக் காட்டுவதற்காகப் பிரவுசர் வெளிப்பெட்டியைத் தானே ஸ்க்ரோல் செய்கிறது. ஸ்கிரிப்டின் கணக்கில் இன்னும் முதல் கார்டுதான். அடுத்த முறை அம்புக்குறியை அழுத்தினால் இரண்டு நகர்வும் கூடி, திரையில் பாதிக் கார்டும் வெற்றிடமும் தெரியும். பழைய இடத்துக்குத் திரும்ப ஸ்க்ரோல்பாரும் இல்லை. திரைக்கு வெளியே இருக்கும் கார்டுகளுக்கு இனெர்ட் பண்பு கொடுப்பது சரியான மருந்து. அப்போது டேப் அங்கே போகாது. ஸ்கிரிப்டே ஃபோகஸ் கொடுக்கும் இடங்களில் பிரிவென்ட்ஸ்க்ரோல் என்ற விருப்பத்தை ட்ரூ ஆக்க வேண்டும். வெளிப்பெட்டியை எந்த வழியிலும் நகர விடக் கூடாது என்றால் ஹிடனுக்குப் பதில் கிளிப். கிளிப் போட்ட பெட்டி ஸ்க்ரோல் கன்டெய்னரே அல்ல. ஸ்கிரிப்ட் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதன் ஸ்க்ரோல்டாப் 0தான்.

ஸ்க்ரோல் செய்தாலும் உச்சியிலேயே நிற்க வேண்டிய ஸ்டிக்கி தலைப்பு ஒட்டாமல் போவதற்கும் இதுவே காரணம். பொசிஷன் ஸ்டிக்கி, தனக்கு மேலே உள்ள முன்னோர்களில் மிக அருகிலிருக்கும் ஸ்க்ரோல் கன்டெய்னரோடுதான் ஒட்டும். பக்கவாட்டு ஸ்க்ரோலை ஒழிக்க யாரோ ஒரு வெளி டிவ்வுக்கு (பெட்டி எலிமென்டுக்கு) ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போட்டிருப்பார்கள். அந்த டிவ் இப்போது ஸ்க்ரோல் கன்டெய்னர். அது ஸ்க்ரோல் ஆவதில்லை, பக்கம்தான் ஆகிறது. தலைப்பும் பக்கத்தோடு மேலே போய்விடுகிறது. குற்றவாளியைப் பிடிக்க நான்கு வரி ஸ்கிரிப்ட் போதும். தலைப்பு எலிமென்டிலிருந்து பேரன்ட்எலிமென்ட் வழியாக ஒவ்வொரு படியாக மேலே ஏறி, அமலில் உள்ள மதிப்பைச் சொல்லும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் தரும் ஓவர்ஃப்ளோஎக்ஸ், ஓவர்ஃப்ளோஒய் இரண்டையும் பார்த்து, விசிபிள், கிளிப் தவிர வேறு மதிப்பு இருந்தால் கன்சோலில் எழுத வேண்டும். கிடைத்த டிவ்வில் ஹிடனைக் கிளிப் என்று மாற்றினால் தலைப்பு ஒட்டிக்கொள்ளும்.

எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் தனி விதி உண்டு. எச்டிஎம்எல் எலிமென்டில் எழுதிய ஓவர்ஃப்ளோ முழு ஜன்னலுக்கும் போய்விடும். அங்கே எதுவும் எழுதாவிட்டால் பாடியில் உள்ளது ஜன்னலுக்குப் போகும். இரண்டிலும் எழுதினால் எச்டிஎம்எல்லினுடையது மட்டும் போகும், பாடியினுடையது பாடியிலேயே தங்கி அதைத் தனி ஸ்க்ரோல் கன்டெய்னராக்கிவிடும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டிலும் ஹிடன் எழுதும் வழக்கத்தால் ஸ்டிக்கி உடைவது இப்படித்தான்.

பக்கவாட்டில் வழிகிறது என்றால் மறைப்பதற்கு முன் எது வழிகிறது என்று பாருங்கள். டாக்குமென்டில் உள்ள எல்லா எலிமென்டுகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் இடத்தை அளக்கும் கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் தரும் ரைட் மதிப்பை (வலது விளிம்பை) டாக்குமென்ட்எலிமென்டின் கிளையன்ட்விட்த்தோடு, அதாவது ஸ்க்ரோல்பார் நீங்கிய அகலத்தோடு, ஒப்பிடுங்கள். அதிகமாக இருப்பவற்றுக்குச் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் போட வேண்டாம், அது அகலத்தையே மாற்றிவிடும். அடிக்கடி பிடிபடுவது 100 விடபிள்யூ அகலம் கொடுத்த பட்டை. 100 விடபிள்யூ என்பது ஜன்னலின் முழு அகலம், ஸ்க்ரோல்பாரின் அகலத்தையும் சேர்த்த கணக்கு. விண்டோஸில் ஸ்க்ரோல்பார் 15 முதல் 17 பிக்சல் இடம் பிடிப்பதால் அவ்வளவும் வெளியே தள்ளும். ஸ்க்ரோல்பார் மிதந்து தோன்றும் கைப்பேசியிலும் மேக்கிலும் இது தெரியாது. அதனால்தான் ‘என் கணினியில் சரியாக இருக்கிறதே’ என்ற பேச்சு எழுகிறது. 100 சதவீதம் என்று மாற்றினால் தீரும். ஃபயர்ஃபாக்ஸின் டெவலப்பர் கருவியில் ஸ்க்ரோல் ஆகும் எலிமென்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் வரும். அதை அழுத்தினால் வழிதலுக்குக் காரணமான பிள்ளை எலிமென்ட் எது என்று அதுவே காட்டும்.

ஹிடனால் ஒரு திசையில் மட்டும் வெட்ட முடியாது

அகலமான அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் வைத்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் கடைசி வரிசையில் உள்ள மூன்று புள்ளி மெனுவைத் திறந்தால் அது பாதியில் வெட்டுப்படும், அல்லது அட்டவணைக்குள் செங்குத்து ஸ்க்ரோல்பார் முளைக்கும். ஓவர்ஃப்ளோ-ஒய் விசிபிள் என்று வெளிப்படையாக எழுதினாலும் பயனில்லை. ஒரு திசையில் ஹிடன், ஸ்க்ரோல், ஆட்டோ என்று ஏதேனும் இருந்தால் மறுதிசையின் விசிபிள் தானாகவே ஆட்டோ ஆகிவிடும் என்பது சிஎஸ்எஸ் விதி. கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலைக் கேட்டுப் பாருங்கள், ஆட்டோ என்றே பதில் வரும். கிளிப்புக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை. ஒரு திசையில் கிளிப், மறுதிசையில் விசிபிள் என்பது செல்லும்.

மெனுவை வெளியே எடுக்க மூன்று வழிகள். முதலாவது, மெனுவைப் பொசிஷன் அப்சல்யூட் ஆக வைப்பது. அதன் இருப்பிடத்தை நிர்ணயிக்கும் முன்னோர், ஓவர்ஃப்ளோ போட்ட டிவ்வுக்கு வெளியே இருந்தால் அந்த டிவ் மெனுவை வெட்டாது. அதாவது பொசிஷன் ரிலேட்டிவ் என்பதை அட்டவணை டிவ்விலும் அதற்குள்ளும் எங்கும் எழுதாமல் அதற்கு வெளியே எழுத வேண்டும். ஆனால் அட்டவணை பக்கவாட்டில் நகரும்போது மெனு உடன் நகராது, திறந்திருக்கும்போது ஸ்க்ரோல் நடந்தால் மூடிவிட வேண்டும். இரண்டாவது, பொத்தானின் இடத்தை கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்டால் அளந்து மெனுவைப் பொசிஷன் ஃபிக்ஸ்டு ஆக வைப்பது. முன்னோர் எதிலாவது ட்ரான்ஸ்ஃபார்ம் அல்லது ஃபில்டர் இருந்தால் ஃபிக்ஸ்டு ஜன்னலைப் பற்றாமல் அந்த முன்னோரைப் பற்றும். மெனு எங்கோ தள்ளிப் போய் நிற்பதைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது பாப்ஓவர் பண்பு. குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் உள்ளது. அது எலிமென்டைப் பக்கத்தின் எல்லா அடுக்குகளுக்கும் மேலே தூக்கிவிடுவதால் எந்த ஓவர்ஃப்ளோவும் அதைத் தொடாது. புதிதாக எழுதுபவர்கள் நேராக இதற்கே போவது நல்லது.

மதிப்பைப் படிக்கும்போது

எலிமென்டின் ஸ்டைல் பொருளிலிருந்து ஓவர்ஃப்ளோவைக் கேட்டால் அந்த எலிமென்டின் மேலேயே நேராக எழுதியது மட்டும் கிடைக்கும். ஸ்டைல்ஷீட்டில் உள்ளது வராது, வெற்றுச் சரம்தான் வரும். உண்மையான மதிப்பு கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலிடம் இருக்கிறது. அங்கேயும் ஓவர்ஃப்ளோ என்று மொத்தமாகக் கேட்டால், இரு திசைகளும் வேறுபட்டிருக்கும்போது ‘ஹிடன் ஆட்டோ’ என்று இரட்டை மதிப்பு வரும். ஹிடனுக்குச் சமமா என்று ஒப்பிடும் நிரல் அப்போது தவறிவிடும். திசை வாரியாகக் கேட்பதே பாதுகாப்பு.

எழுதும்போது வேறொரு தவறு நடக்கிறது. பாப்அப் திறக்கையில் பாடிக்கு ஹிடன், மூடுகையில் ஆட்டோ என்று எழுதுவார்கள். அந்த ஆட்டோ இனி ஸ்டைல்ஷீட்டில் உள்ள எதையும் மீறி அங்கேயே உட்கார்ந்துவிடும். திரும்ப எடுப்பதென்றால் வெற்றுச் சரம் கொடுக்க வேண்டும். அதைவிட, ஸ்கிரிப்ட் ஒரு கிளாஸைச் சேர்க்கட்டும், நீக்கட்டும்; ஓவர்ஃப்ளோவின் மதிப்பு ஸ்டைல்ஷீட்டிலேயே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு எது எங்கே எழுதியிருக்கிறது என்று புரியும்.

வழிகிறதா என்று அளப்பது

மூன்று இணை எண்கள் உள்ளன. ஆஃப்செட்ஹைட் பார்டரும் ஸ்க்ரோல்பாரும் சேர்ந்த உயரம். கிளையன்ட்ஹைட் அவை இரண்டும் நீங்கிய, பேடிங் உட்பட்ட உள் உயரம். ஸ்க்ரோல்ஹைட் மறைந்த பகுதியையும் சேர்த்த முழு உள்ளடக்க உயரம். ஸ்க்ரோல்ஹைட் கிளையன்ட்ஹைட்டைவிட அதிகமாக இருந்தால் வழிகிறது என்று பொருள். ஹிடன் மறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை என்பதால்தான் இந்த ஒப்பீடு ஹிடன் பெட்டியிலும் வேலை செய்கிறது.

இந்த மூன்றும் முழு எண்களாகத் திரட்டப்பட்டவை. உண்மையான அளவு 299.6 ஆக இருக்கலாம். ஸ்க்ரோல்டாப் மட்டும் பின்னமாக வரக்கூடும். விண்டோஸில் திரை அளவு 125 சதவீதமாக இருக்கும்போதும் பிரவுசரில் ஜூம் செய்யும்போதும் பெரும்பாலும் அப்படியே வரும். அதனால் ‘அடிக்கு வந்துவிட்டாரா’ என்பதைச் சமக்குறியால் சோதிக்கக் கூடாது. ஸ்க்ரோல்ஹைட்டிலிருந்து கிளையன்ட்ஹைட்டையும் ஸ்க்ரோல்டாப்பையும் கழித்து, வருவதன் எதிர்க்குறியை நீக்கிவிட்டு, அது 1 அல்லது அதற்குக் குறைவா என்று பாருங்கள். விதிமுறைகளை அடிவரை படித்தால்தான் ‘ஏற்கிறேன்’ பொத்தான் செயல்படும் என்று வைத்திருக்கும் படிவங்களில், இந்த ஒரு பிக்சல் விடுபட்டால் சிலருக்குப் பொத்தான் ஒருபோதும் திறக்காது. அவர்கள் எவ்வளவு கீழே இழுத்தாலும் பயனிருக்காது.

ஒற்றை வரியில் மூன்று புள்ளி வைத்து முடிக்கும் எலிப்சிஸிலும் இதே பின்னம் தொல்லை தரும். அரை பிக்சல் வழிந்தாலே பிரவுசர் புள்ளி வைத்துவிடும். ஸ்க்ரோல்விட்த்தும் கிளையன்ட்விட்த்தும் மட்டும் சமமாகவே தெரியும். முழுப் பெயரைக் காட்டும் டூல்டிப் அப்போது வராது. அங்கே டாக்குமென்டிலிருந்து ஒரு ரேஞ்ச் உருவாக்கி, எலிமென்டின் உள்ளடக்கத்தை அதற்குக் கொடுத்து, கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்டின் அகலத்தைப் பெட்டியின் உள் அகலத்தோடு ஒப்பிட்டால் பின்னம் உட்படத் துல்லியமாகக் கிடைக்கும். எலிப்சிஸே வராவிட்டால் ஓவர்ஃப்ளோ ஹிடன், வைட்-ஸ்பேஸ் நோரேப், டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் மூன்றும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் மேலே எங்கோ, பிள்ளைகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் இருக்கும். ஃப்ளெக்ஸின் பிள்ளை தன் உள்ளடக்கத்தைவிடச் சிறுத்துப் போகச் சம்மதிக்காது. அதற்கு மின்-விட்த் 0 கொடுக்க வேண்டும். கிரிட் என்றால் 1எஃப்ஆர் என்பதை மின்மேக்ஸ் 0, 1எஃப்ஆர் என்று மாற்ற வேண்டும்.

எப்போது அளக்கிறோம் என்பது எப்படி அளக்கிறோம் என்பதைவிட முக்கியம். டிஸ்ப்ளே நன் நிலையில் உள்ள எலிமென்டுக்கு எல்லா அளவும் 0. மூடிய டேபுக்குள் இருக்கும் கார்டுகளைப் பக்கம் திறந்தவுடன் அளந்தால் எதுவும் வழியவில்லை என்றே விடை வரும். டேப் திறந்த பிறகு அளக்க வேண்டும். எழுத்துரு தனியாக இறங்கும் பக்கத்தில், இறங்கும் முன் அளந்ததற்கு மதிப்பில்லை. டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி என்ற பிராமிஸ் நிறைவேறிய பின் அளப்பதே சரி.

பிறகு ரீசைஸ்அப்சர்வர். இது பெட்டியின் சொந்த அளவு மாறினால் மட்டும் செய்தி சொல்லும். ஸ்க்ரோல்ஹைட் மாறினால் சொல்லாது. 300 பிக்சல் என்று பூட்டிய பெட்டியை அது கவனித்துக்கொண்டிருந்தால், உள்ளே எழுத்து இரட்டிப்பானாலும் மௌனமாகவே இருக்கும். வெளிப்பெட்டிக்குள் உயரம் பூட்டாத ஒரு டிவ்வை வைத்து, உள்ளடக்கத்தை அதில் இட்டு, அந்த உள் டிவ்வைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

பட்டியலில் 200 கார்டுகள் இருந்தால் ஒன்றை அளந்து உடனே அதற்குக் கிளாஸ் சேர்த்து, அடுத்ததை அளந்து என்று போகக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் வரும் அளவீடு, பிரவுசரைப் பக்க அமைப்பை மறுபடி கணக்கிட வைக்கிறது. முதல் சுற்றில் 200ஐயும் அளந்து விடைகளை ஓர் அரேயில் வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் கிளாஸ்களைச் சேர்த்தால் கணக்கு ஒரே முறைதான்.

‘மேலும் படிக்க’ பொத்தானில் ஒரு நுட்பம் உண்டு. வெப்கிட் லைன்-கிளாம்ப் 3 என்று மூன்று வரிக்குச் சுருக்கியிருக்கிறோம், வழிந்தால் பொத்தான் காட்டுகிறோம். பயனர் விரித்ததும் எதுவும் வழியவில்லை, ரீசைஸ்அப்சர்வர் மறுபடி அளக்கிறது, பொத்தான் மறைகிறது. இனி சுருக்க வழியில்லை. சுருங்கிய நிலையில் மட்டுமே அளக்க வேண்டும், விரிந்திருக்கும்போது வரும் செய்தியைப் பொருட்படுத்தக் கூடாது.

தமிழ் எழுத்து கேட்கும் தனிக் கவனம்

ஆங்கிலப் பக்கத்துக்காக எழுதிய வழிதல் நிரல் தமிழில் நான்கு இடங்களில் சறுக்கும்.

முதலாவது வரி உயரம். தமிழ் எழுத்துருக்களில் மேலே குறி ஏறும் ‘கி, கீ’ போன்றவற்றுக்கும் கீழே இறங்கும் ‘சு, பு, யு’ போன்றவற்றுக்கும் இடம் வேண்டும். லைன்-ஹைட் 1 அல்லது 1.2 என்று வைத்த தலைப்புப் பெட்டியில் ஹிடன் போட்டால் உகரக் குறி அடியில் வெட்டுப்பட்டு, ‘பு’ ‘ப’ போலத் தோன்றலாம். இது பொருளையே மாற்றும் பிழை. அளவும் கெடும்: எழுத்துருவின் ஏற்ற இறக்கம் வரி உயரத்தை மீறும்போது, ஒரே வரி இருந்தாலும் ஸ்க்ரோல்ஹைட் இரண்டு மூன்று பிக்சல் கூடுதலாக வந்து, தேவையில்லாத இடத்தில் ‘மேலும் படிக்க’ தோன்றும். லைன்-ஹைட்டை 1.6 அளவில் வைத்து, ஒப்பீட்டில் ஒரு வரி உயரத்தின் பாதியைச் சலுகையாக விட்டால் இரண்டும் சரியாகும். முழு வரி வழியும்போது வித்தியாசம் அந்தப் பாதியைத் தாண்டிவிடும் என்பதால் உண்மையான வழிதல் தப்பாது.

இரண்டாவது சொல் நீளம். ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்பது ஒரே சொல், உள்ளே இடைவெளி இல்லை. 120 பிக்சல் பொத்தானில் அது வழிந்தே தீரும். ஓவர்ஃப்ளோ-ரேப்புக்கு எனிவேர் கொடுத்தால் இடம் போதாதபோது சொல்லை உடைக்கும். பிரேக்-வேர்டும் உடைக்கும்தான், ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பை எண்ணாது. அதனால் ஃப்ளெக்ஸ் பிள்ளை சுருங்காமல் அடம்பிடிக்கும். ஃப்ளெக்ஸுக்குள் எனிவேர்தான் தேவை. பொத்தான், மெனு போன்ற சிறிய இடங்களில் உடைப்பதைவிட, அகலத்தைப் பூட்டாமல் விட்டு மேக்ஸ்-விட்த் மட்டும் கொடுப்பதே படிப்பவருக்கு மரியாதை.

மூன்றாவது எழுத்துரு மாற்றம். விண்டோஸின் நிர்மலாவும் ஆண்ட்ராய்டின் நோட்டோவும் ஒரே பத்தியை வெவ்வேறு அகலத்தில் வரையும். ஒரு கணினியில் மூன்று வரியில் அடங்கியது மற்றதில் நான்காகும். ‘150 எழுத்துக்கு மேல் போனால் பொத்தான் காட்டு’ என்று எழுத்தை எண்ணி முடிவெடுக்கும் நிரல் அதனால்தான் தமிழில் நம்பகமற்றது. அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான்காவது வெட்டும் இடம். ஜாவாஸ்கிரிப்டில் ‘தமிழ்’ என்ற சொல்லின் லென்த் 5. நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஸ்லைஸ் கொண்டு 4இல் வெட்டினால் ‘தமிழ’ என்று புள்ளி இல்லாமல் நிற்கும். 2இல் வெட்டினால் ‘தம’. சிஎஸ்எஸ் எலிப்சிஸும் லைன்-கிளாம்பும் இந்தத் தவறைச் செய்வதில்லை, அதனால் முடிந்தவரை வெட்டும் வேலையை அவற்றிடமே விடுங்கள். முழு வாசகம் பக்கத்திலேயே இருப்பதால் திரைவாசிப்பானும் முழுவதும் படிக்கும். பகிர்வுக் குறிப்பு போல ஸ்கிரிப்டே வெட்ட வேண்டிய இடத்தில் இன்ட்ல்.செக்மென்டரைத் தமிழுக்கு, கிராஃபீம் (நாம் ஓர் எழுத்தாகக் காணும் அலகு) அளவில் உருவாக்கி, அது தரும் துண்டுகளை எண்ணி வெட்டுங்கள். குரோம் 87, சஃபாரி 14.1, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் அது இருக்கிறது. ‘ஸ்ரீ’யை அது ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகத்தான் பிரிக்கும். அந்த ஓர் எழுத்து முக்கியமான இடத்தில் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்பக்கத்தைப் பூட்டுவது

பாப்அப் திறந்திருக்கும்போது பின்னால் பக்கம் நகரக் கூடாது. எச்டிஎம்எல்லுக்கு ஹிடன் போட்டால் கணினியில் வேலை முடியும், ஆனால் பக்கம் ஒரு குதி குதிக்கும். ஸ்க்ரோல்பார் போனதால் 15 பிக்சல் கூடுதல் அகலம் கிடைத்து எல்லாம் வலப்பக்கம் நகர்கிறது. பூட்டும் முன், விண்டோவின் இன்னர்விட்த்திலிருந்து டாக்குமென்ட்எலிமென்டின் கிளையன்ட்விட்த்தைக் கழித்தால் ஸ்க்ரோல்பார் அகலம் கிடைக்கும். அதை ஒரு சிஎஸ்எஸ் மாறியில் வைத்து, பாடியின் வலது பேடிங்காகவும், ஃபிக்ஸ்டு தலைப்பின் வலது பேடிங்காகவும் கொடுக்க வேண்டும். தலைப்பை மறந்தால் அது மட்டும் குதிக்கும். ஸ்க்ரோல்பாருக்கான இடத்தை எப்போதும் ஒதுக்கிவைக்கும் ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள் என்று எச்டிஎம்எல்லுக்கு எழுதினால் இந்தக் கணக்கே வேண்டாம். குரோம் 94, ஃபயர்ஃபாக்ஸ் 97, சஃபாரி 18.2 முதல் இருக்கிறது. இரண்டையும் ஒருசேரச் செய்தால் இடைவெளி இரட்டிப்பாகும்.

பழைய ஐஃபோன் சஃபாரி பாடியின் ஹிடனை மதிக்காது. விரலால் இழுத்தால் பின்பக்கம் நகரும். அவற்றுக்காக நிலைத்த வழி இது: ஸ்க்ரோல்ஒய்யைக் குறித்துக்கொள், பாடியைப் பொசிஷன் ஃபிக்ஸ்டு ஆக்கு, டாப் மதிப்பாகக் குறித்த எண்ணின் எதிர்மத்தைக் கொடு, அகலம் 100 சதவீதம். மூடும்போது இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு அதே எண்ணுக்கு ஸ்க்ரோல்டூ. எச்டிஎம்எல்லில் ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் இருந்தால் மூடிய ஒவ்வொரு முறையும் பக்கம் உச்சியிலிருந்து ஓடி வரும்; ஸ்க்ரோல்டூவுக்கு பிஹேவியர் இன்ஸ்டன்ட் என்று சொல்ல வேண்டும்.

டச்மூவ் நிகழ்வைப் பிரிவென்ட்டிஃபால்ட் செய்து தடுக்கும் பழைய வழியை நாடாதீர்கள். குரோம் 56 முதல் விண்டோ, டாக்குமென்ட், பாடி மட்டத்தில் அந்தக் கேட்பான்கள் தாமாகவே பேசிவ், அதாவது ஸ்க்ரோலைத் தடுக்க முடியாதவை, ஆகிவிட்டன. தடுப்புக் கட்டளை கணக்கில் எடுக்கப்படாது. மவுஸ் சக்கரத்துக்கு இதே விதி குரோம் 73இல் வந்தது. பேசிவ் ஃபால்ஸ் என்று எழுதித் தடுத்தாலும் பாப்அப்புக்குள் இருக்கும் பட்டியலும் சேர்ந்து உறைந்துவிடும், விரல்களால் பெரிதாக்கிப் பார்ப்பதும் போய்விடும். உள் பட்டியல் அடியைத் தொட்டதும் நகர்வு பின்பக்கத்துக்குத் தாவுவதை நிறுத்த, அந்தப் பட்டியலுக்கு ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெய்ன் கொடுப்பதே முறை.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பாப்அப் திறக்கும் பக்கத்தில், மேலே உள்ளதை மூடியதும் பூட்டு முழுவதும் திறந்துகொள்ளும். ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்: 0 இலிருந்து 1 ஆகும்போது பூட்டு, 1 இலிருந்து 0 ஆகும்போது திற. பாப்அப் திறந்த நிலையிலேயே பயனர் வேறு பக்கத்துக்குப் போகும் ஒற்றைப் பக்கச் செயலிகளில் பூட்டு அப்படியே தங்கி, புதுப் பக்கம் நகர மறுக்கும். பாப்அப் எந்த வழியில் நீங்கினாலும் ஓடும் துப்புரவுப் பகுதியில் பூட்டைத் திறக்க வேண்டும்.

டயலாக் எலிமென்டின் ஷோமோடல் பின்னால் உள்ளவற்றைச் சொடுக்க முடியாமல் செய்யும், ஸ்க்ரோலைத் தடுக்காது. ஆனால் உள்ளே மோடல் நிலையில் டயலாக் இருந்தால் எச்டிஎம்எல்லுக்கு ஹிடன் என்று, ‘ஹேஸ்’ தேர்வியைக் கொண்டு ஒரே வரி சிஎஸ்எஸ் எழுதினால் மேலே சொன்ன எண்ணிக்கை, துப்புரவு எதுவும் தேவையில்லை. டயலாக் போனால் பூட்டும் தானாகப் போகும். ஹேஸ் தேர்வி குரோம் 105, சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 121 முதல் கிடைக்கிறது.

அரட்டைப் பெட்டி

புதுச் செய்தி வந்தால் அடிக்குப் போக வேண்டும். பயனர் மேலே பழைய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தால் அவரை இழுக்கக் கூடாது. செய்தியைச் சேர்ப்பதற்கு முன் அடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, 50 பிக்சலுக்குள் என்றால் ‘அடியில் இருக்கிறார்’ என்று குறித்துக்கொண்டு, சேர்த்த பின் ஸ்க்ரோல்டாப்புக்கு ஸ்க்ரோல்ஹைட்டையே கொடுங்கள். அளவு மீறினால் பிரவுசரே குறைத்துக்கொள்ளும். சேர்த்த பிறகு அளப்பதுதான் வழக்கமான பிழை: செய்தி 80 பிக்சல் உயரம் என்றால் அடியில் இருந்தவரும் 80 பிக்சல் தள்ளி இருப்பதாகவே தெரிவார், பெட்டி நகராது. படம் உள்ள செய்தியில் படம் பிற்பாடு இறங்கி உயரத்தைக் கூட்டும். படத்துக்கு அகலமும் உயரமும் முன்பே எழுதியிருந்தால் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்.

மேலே பழைய செய்திகளைச் சேர்க்கும்போது குரோம் 56 முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 66 முதலும் பிரவுசரே படிக்கும் இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்க்ரோல்டாப் சரியாக 0 ஆக இருக்கும்போது மட்டும் பிடிக்காது. பழைய செய்திகளைக் கேட்டு மேலே இழுப்பவர் நிற்பதோ அந்த 0இல்தான். ஆகவே கணக்கை நாமே செய்ய வேண்டும்: சேர்ப்பதற்கு முன் ஸ்க்ரோல்ஹைட்டைக் குறித்து, சேர்த்த பின் வித்தியாசத்தை ஸ்க்ரோல்டாப்போடு கூட்ட வேண்டும். பிரவுசரும் நாமும் இருவரும் திருத்தி இரட்டைக் குதி வராமலிருக்க அந்தப் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-ஆங்கர் நன் எழுதுங்கள்.

உள்ளே லிங்கோ பொத்தானோ இல்லாத பெட்டி என்றால், எல்லா பிரவுசரிலும் டேப் விசை அதற்குள் போகும் என்று நம்ப முடியாது. மவுஸ் இல்லாதவர் பழைய செய்தியைப் பார்க்க வழியில்லாமல் போகலாம். டேப்இன்டெக்ஸ் 0, ரோல் ரீஜன், ஏரியா-லேபிளில் ‘உரையாடல்’ என்று மூன்றையும் கொடுங்கள். அம்பு விசைகளால் நகர்த்தலாம், திரைவாசிப்பானும் அது என்ன பகுதி என்று பெயர் சொல்லும்.